ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள், மறுநாளே அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்

இந்த வாரக் கடிதம் நீளமானது. பெயர், ஊர் விவரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

எழுதியவர் டெல்டா பகுதியின் சிறுநகரம் ஒன்றில் வசிப்பவர். அவருடைய அப்பாவுக்கு 63 வயது. பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். புகைப் பழக்கம் இல்லை. ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு நடு நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் வேர்வை. ஓமத்தண்ணீர், சோடா என்று முக்கால் மணி நேரம் போன பிறகு, அண்ணன் காரில் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே உடனே இசிஜி எடுத்தார்கள். பெரிதாக எதுவும் தெரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள். பிறகு அவசரப் பிரிவில் இருந்த இளம் பெண் மருத்துவர், செல்போனோடு இணைத்த சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்றை நெஞ்சில் வைத்து நாலைந்து நிமிடம் பார்த்துவிட்டு, "பம்பிங் நல்லா இருக்கு, இதயத்தைச் சுத்தி நீர் இல்லை, நுரையீரலும் சரியா இருக்கு. ஆனா காலை வரைக்கும் இருங்க, ரத்தத்தை மறுபடி பார்க்கணும்" என்று சொல்லியிருக்கிறார். இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோப்போனின் என்ற ரத்தப் பரிசோதனை முதல் முறை நார்மல். வலியும் அதற்குள் பாதி குறைந்துவிட்டது. "ஸ்கேனே நார்மல், அப்புறம் எதுக்கு ஐசியு? பில்லை ஏத்தத்தான்" என்று அண்ணன் கையெழுத்துப் போட்டு, விடியற்காலை மூன்றரைக்கு அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் வலி திரும்பியது. இந்த முறை பெரிய ஊர் மருத்துவமனை. ட்ரோப்போனின் பல மடங்கு ஏறியிருந்தது. ஆஞ்சியோவில் சர்க்கம்ஃப்ளெக்ஸ் என்ற ரத்தக்குழாயில் 95 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது வீட்டில் தேறி வருகிறார்.

அவருடைய கேள்விகள் இவை. முதல் மருத்துவர் கோட்டைவிட்டாரா, வழக்குப் போட முடியுமா? அந்தச் சின்ன மெஷினை நம்பலாமா, அண்ணன் சொல்வது போல அது வெறும் பொம்மையா? இரண்டு இடத்திலும் எக்கோ, அதாவது இதய அல்ட்ராசவுண்ட், என்று பில் போட்டது ஏன்? கடைசியாக, அதே அண்ணன் இப்போது அப்படி ஒரு கருவியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாராம், தெரிந்த ஃபார்மசிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்வாராம். அது சரியா?

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா நல்லபடியாக வீடு திரும்பியதில் நிம்மதி. கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது இயல்புதான். ஆனால் அந்த இளம் மருத்துவர் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கும் வார்த்தைகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவர் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று, இப்போதைக்குப் பம்பிங் நன்றாக இருக்கிறது. இன்னொன்று, காலை வரை இருங்கள். உங்கள் வீட்டார் காதில் முதலாவது மட்டும் விழுந்திருக்கிறது. முடிவு என்று பார்த்தால் இரண்டாவதுதான் முடிவு. முதலாவது, அந்த நிமிடத்தில் அவர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

நெஞ்சு வலியில் கையடக்க அல்ட்ராசவுண்டைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருந்தால் போதும். அதில் ஏதாவது தெரிந்தால் அது பெரிய செய்தி. ஒன்றும் தெரியவில்லை என்றால், மாரடைப்பைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்டச் செய்தியே இல்லை.

பிறகு எதற்காக அதை வைத்துப் பார்க்கிறார்கள்?

நெஞ்சு வலி என்றாலே இதய அடைப்புதான் என்று நாம் நினைக்கிறோம். அவசரப் பிரிவில் நிற்பவருக்கு அப்படி நினைக்கும் வசதி கிடையாது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் உள்சுவர் கிழிந்திருக்கலாம். காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரல் குழாயில் போய் அடைத்திருக்கலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து அது சுருங்கிப் போயிருக்கலாம். இதய உறைக்குள் நீரோ ரத்தமோ சேர்ந்து இதயத்தை விரிய விடாமல் நெருக்கிக்கொண்டிருக்கலாம். எல்லாமே ஆளைக் கொல்லக்கூடியவை, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சிலவற்றில் ஒன்றின் வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம். மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, இருந்தது மகாதமனிக் கிழிசல் என்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இசிஜி மாரடைப்பைத் தேடுவதில் கெட்டிக்காரக் கருவி. அதனால்தான் நெஞ்சு வலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் அதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று உலகம் முழுக்க விதி வைத்திருக்கிறார்கள். மற்றவற்றைத் தேடத்தான் நெஞ்சில் வைக்கும் அந்தச் சின்னக் கருவி, அதாவது ப்ரோப், கைகொடுக்கிறது. ஜெல் தடவி, நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே அதை வைப்பார்கள். நோயாளியை இடதுபக்கம் லேசாகச் சாயச் சொல்வார்கள், மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்வார்கள். அப்போது இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருங்கி வரும். இடது கீழறை சுருங்கி விரிவது தெரியும். வலது அறை இடதைவிடப் பெரிதாக ஊதியிருந்தால் நுரையீரல் அடைப்பைச் சந்தேகிப்பார்கள். இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தால் அது நீர். பிறகு ப்ரோபை நெஞ்சின் மேல்பகுதிக்கு நகர்த்துவார்கள். அங்கே நுரையீரலின் உறை மூச்சுக்கு மூச்சு வழுக்கி நகர்வது, பளிச்சென்ற ஒரு கோட்டில் எறும்பு ஊர்வது போலத் தெரியும். அந்த அசைவு இருந்தால் ப்ரோபுக்குக் கீழே நுரையீரல் சுவரோடு ஒட்டித்தான் இருக்கிறது. அசைவு இல்லையென்றால் காற்று புகுந்திருக்கிறதா என்று தேட வேண்டும். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் அந்தக் கோட்டிலிருந்து வெள்ளைக் கீற்றுகள் கீழ்நோக்கி இறங்கும். பிரான்ஸைச் சேர்ந்த டேனியல் லிக்டென்ஸ்டைன் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர் இந்த அடையாளங்களை ஒழுங்குபடுத்தி, மூச்சுத்திணறல் நோயாளிகளுக்காக 2008இல் ஒரு முறையாகவே வெளியிட்டார். அதுவரை நுரையீரலில் அல்ட்ராசவுண்டால் எதையும் பார்க்க முடியாது என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள்.

உங்கள் அப்பாவுக்கு நாலைந்து நிமிடத்தில் நடந்தது இதுதான். நெஞ்சில் நீர் இல்லை, காற்று இல்லை, வலது அறை வீங்கவில்லை, பம்பிங் மோசமில்லை. பக்கத்திலேயே செய்து, கதிர்வீச்சு இல்லாமல், ஆளை எங்கும் தள்ளிக்கொண்டு போகாமல், உயிருக்கு உலை வைக்கும் சில காரணங்களைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார் அந்த மருத்துவர். "தள்ளியிருக்கிறார்" என்றுதான் சொல்கிறேன். மகாதமனியின் ஆரம்பப் பகுதிதான் நெஞ்சிலிருந்து தெரியும். அதில் கிழிசல் கண்ணில் பட்டால் அந்த நொடியே செயலில் இறங்க வேண்டும். படவில்லை என்றால், சந்தேகம் இருக்கும்வரை சிடி எடுத்தே ஆக வேண்டும்.

பொம்மையா என்று கேட்டீர்கள். 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் முதன்முதலில் இதய எக்கோ எடுத்தபோது பயன்படுத்தியது, உலோகத்தில் விரிசல் பார்ப்பதற்கான இரவல் கருவி. அதோடு ஒப்பிட்டால் உங்கள் அண்ணன் பொம்மை என்று சொல்லும் ப்ரோப் எவ்வளவோ மேல்.

அப்படியானால் அப்பாவின் அடைப்பு ஏன் தெரியவில்லை?

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்ற கேள்விகளுக்கும் விடை இதிலேயே இருக்கிறது.

இதயத் தசையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகவில்லை என்றால் அந்தப் பகுதி சரியாகச் சுருங்காது. எக்கோவில் மற்ற சுவர்கள் உள்நோக்கிக் குவியும்போது அது மட்டும் சோம்பலாக நிற்கும். ஆனால் இது தெரிய வேண்டுமானால் அடைப்பு அந்த நேரத்தில் கடுமையாக இருக்க வேண்டும், பாதிக்கப்பட்ட பகுதி ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு ப்ரோப் வைத்தபோது வலி குறைந்துகொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். குழாய் முழுக்க மூடாமல் ரத்தம் கசிந்து போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் சுவர் வழக்கம்போலவே அசையலாம். தவிர, சர்க்கம்ஃப்ளெக்ஸ் குழாய் ரத்தம் தருவது இதயத்தின் பக்கவாட்டுக்கும் பின்புறத்துக்கும். அந்தச் சுவரின் லேசான சோம்பலைச் சின்னத் திரையில் பிடிப்பது அனுபவப்பட்ட இதய மருத்துவருக்கே எளிதல்ல. அவசரப் பிரிவு மருத்துவர்களுக்குத் தரப்படும் பயிற்சி சில நேரடிக் கேள்விகளுக்கு விடை தேடுவதற்கு: நீர் இருக்கிறதா, பம்பிங் படு மோசமா, வலது அறை பெரிதா? அந்த மருத்துவர் "அடைப்பு இல்லை" என்று சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

இசிஜியும் ஏமாற்றியிருக்கிறதே என்று கேட்பீர்கள். சாதாரண இசிஜியில் நெஞ்சில் ஒட்டும் ஆறும் முன்பக்கமும் இடது பக்கமும்தான். முதுகுப் பக்கம் ஒன்று கூட இல்லை. அதனால் சர்க்கம்ஃப்ளெக்ஸ் அடைப்பு, இசிஜியில் தப்பிப்போவதற்குப் பேர்போனது. சந்தேகம் வந்தால் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே முதுகில் ஒட்டி இன்னொரு இசிஜி எடுக்கலாம், சில சமயம் அது காட்டிக்கொடுக்கும். ட்ரோப்போனின் என்பது இதயத் தசை சேதமாகும்போது ரத்தத்தில் கசியும் புரதம், அது ஏற நேரம் பிடிக்கும். ஒரு மணிக்கு வலி, இரண்டு மணிக்கு எடுத்த ரத்தம் நார்மல் என்றால் அதை நம்பி யாரும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதனால்தான் "மறுபடி பார்க்கணும்" என்றார்.

இன்னொன்று. நெஞ்சு வலியில் யாரை அனுப்பலாம், யாரை நிறுத்தலாம் என்று முடிவு செய்ய ஹார்ட் ஸ்கோர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. வலி வந்த விதம், இசிஜி, வயது, சர்க்கரை பிரஷர் போன்ற ஆபத்துக் காரணிகள், ட்ரோப்போனின் ஆகிய ஐந்துக்கும் தலா 2 வரை மதிப்பெண். உங்கள் அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். அழுத்தமும் வேர்வையும் அசல் இதய வலிக்கே உரியவை, அதற்கு 2. வயதுக்கு 1, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சேர்த்து 1. இசிஜியும் முதல் ட்ரோப்போனினும் 0. மொத்தம் 4. மூன்று வரை இருந்தால்தான் ஆபத்து குறைவு என்று அனுப்ப யோசிக்கலாம், நாலு என்றால் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஐந்தில் ஸ்கேனுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்கேன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த 4 குறையாது.

வழக்குப் போடலாமா?

நான் வக்கீல் இல்லை, மருத்துவர் என்ற முறையில் மட்டும் சொல்கிறேன். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும், பொதுவாக இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். உரிமை இருக்கிறது. ஆனால் ஒரு நோய் தெரியாமல் போனதே அலட்சியம் ஆகிவிடாது. அந்த இடத்தில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்ய வேண்டியதைச் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். இங்கே உடனே இசிஜி எடுத்திருக்கிறார்கள், ட்ரோப்போனின் பார்த்திருக்கிறார்கள், இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், போனவர்கள் கையெழுத்துப் போட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

இருந்தாலும் சில கேள்விகள் நியாயமானவை. வலி தொடர்ந்தபோது இசிஜியைத் திரும்ப எடுத்தார்களா? போனால் என்ன ஆகலாம் என்பதை உங்கள் அண்ணனுக்குப் புரியும்படி தமிழில் சொன்னார்களா, அல்லது ஆங்கிலப் படிவத்தை நீட்டி "இங்க சைன் பண்ணுங்க" என்றார்களா? அந்தச் சின்ன ஸ்கேனில் பார்த்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதினார்களா? கடைசிக் கேள்வி எனக்கு முக்கியம், ஏனென்றால் கையடக்கக் கருவியில் பார்த்துவிட்டு வாய்வார்த்தையாகச் சொல்லிப் போகும் பழக்கம் எங்கள் தொழிலில் பெருகியிருக்கிறது. எழுதாத ஸ்கேனை அடுத்து வரும் மருத்துவர் எப்படிப் படிப்பார்? கேஸ் ஷீட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ ஒழுங்குமுறை விதி இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். என் கணிப்பில் இது ஜெயிக்கிற வழக்கு இல்லை, ஆனால் தாளைப் பார்க்காமல் அறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அண்ணனைத் திட்டாதீர்கள். ராத்திரி முன்பணம் கட்டச் சொன்னால் பில் ஏற்றுகிறார்கள் என்று சந்தேகம் வருவது நம் ஊரில் ஆதாரமில்லாத சந்தேகம் ஒன்றும் இல்லை. ஐசியு செலவு பயமாக இருந்தால் "அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றி அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கலாம். மாற்றிக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, சிகிச்சையும் நடுவில் அறுபடாது.

இரண்டு எக்கோ, இரண்டு பில்

முதலாவது, கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அவசரத்தில் பார்த்தது. இரண்டாவது, வால்வு, சுவர்கள், பம்பிங் அளவு என்று ஒவ்வொன்றாக அளந்து ரிப்போர்ட் எழுதிய முழு எக்கோ. ஒன்று நடந்ததால் இன்னொன்று வீண் ஆகாது. ஆனால் முதல் இடத்தில் முழு எக்கோவுக்கான கட்டணத்தைப் போட்டிருந்து, ரிப்போர்ட்டும் தரவில்லை என்றால் கேளுங்கள். அது சண்டை இல்லை.

வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா?

கூடாது. இதற்கு மட்டும் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடிகிறது.

சட்டமே இடம் தராது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத இடத்துக்கோ ஆளுக்கோ அல்ட்ராசவுண்ட் கருவியை விற்கக் கூடாது. எடுத்துச் செல்லும் வகைக் கருவிகளுக்கு 2012இல் இன்னும் இறுக்கமான விதி வந்தது. பதிவு செய்த மருத்துவமனைக்கு உள்ளே, அங்கே படுத்திருக்கும் நோயாளிகளுக்கு, அல்லது பல சேவைகள் தரும் நடமாடும் மருத்துவ ஊர்தியில் என்று இரண்டே வழிதான். சட்டைப்பையில் அடங்கும் கருவிக்கு இத்தனை தாளா என்று எங்கள் ஆட்களே முணுமுணுப்பதுண்டு. நானும் முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டத்தை விடுங்கள். வீட்டில் ஃபார்மசிஸ்ட் வைத்துப் பார்த்து "நார்மல்" என்று சொன்னால் என்ன நடக்கும்? அன்று ராத்திரி நடந்ததேதான், இந்த முறை மருத்துவமனை வாசலைக்கூட மிதிக்காமல்.

அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, வலி வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் பேசி வையுங்கள். நெஞ்சில் அழுத்தம், வேர்வை என்றால் சோடா வேண்டாம், ஓமத்தண்ணீர் வேண்டாம், 108. காரில் போகும்போது இதயம் நின்றால் அண்ணனால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எதுவும் செய்ய முடியாது, ஆம்புலன்ஸில் செய்வார்கள். பெரிய ஊர் தூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மறக்காதீர்கள். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் வேளைக்குரிய அளவில் அங்கேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பா இவற்றில் சிலவற்றைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். என்னென்ன சாப்பிடுகிறார் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைப் பல் பிடுங்கவோ வேறு எதற்காகவோ இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது இரண்டு தாள்களை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்: டிஸ்சார்ஜுக்கு முன் எடுத்த இசிஜி, முழு எக்கோ ரிப்போர்ட். இரண்டையும் படம் எடுத்து உங்கள் போனிலும் அண்ணன் போனிலும் வையுங்கள். இந்த மாரடைப்பில் பின்பக்கச் சுவரில் தழும்பு விழுந்திருந்தால் அது இனி எப்போதும் கொஞ்சம் மந்தமாகத்தான் அசையும். நாளை வேறு ஏதோ வலிக்குப் போய், ஒரு டியூட்டி டாக்டர் ப்ரோப் வைத்துப் பார்க்கும்போது அந்த மந்தம் அவர் கண்ணில் படும். அது பழசா, இன்று புதிதாக வந்ததா என்று அவர் உங்களைத்தான் கேட்பார்.